அப்பாவுக்கு வந்த சாணைக்கல்லை நான் திருப்பி அனுப்பினேன்

எங்கள் அப்பா கர்த்தருடைய இளைப்பாறுதலுக்குள் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் மகள் எழுத வேண்டிய பக்கம் இது. அப்பாவின் நற்குணங்களைத் தம்பி தன் பக்கத்தில் எழுதியிருக்கிறான். நான் என்னைப் பற்றிய ஒன்றைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத முடியவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா திசையன்விளைக்குப் பக்கத்தில், கருப்பட்டி வியாபாரம் செய்த வீட்டில் இளைய மகனாகப் பிறந்தார்கள். தாத்தா சீக்கிரமே இறந்துபோனதால் பெரியப்பா படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். அப்பாவைப் பாளையங்கோட்டையில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தது பெரியப்பாதான். அப்பா ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார்கள். அம்மா இறந்த பிறகு என்னோடு இருந்தார்கள்.

பிளேடால் சவரம் செய்தால் அப்பாவுக்குக் கழுத்தெல்லாம் கொப்புளம் வரும். தோல் மருத்துவர் சொன்னபடி மடக்குகிற பழைய சவரக்கத்திக்கு மாறியதும் அது நின்றது. ஆனால் அந்தக் கத்தியைத் தீட்ட நயமான கல் வேண்டும். இங்கே கிடைப்பது அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் ஆன கல். ஆகவே ஓய்வு பெற்ற வயதில் அப்பா கைபேசியில் தேடி, ஜப்பானிலும் பெல்ஜியத்திலும் கல் விற்பவர்களைக் கண்டுபிடித்தார்கள். மலையில் வெட்டியெடுத்த கல்லில் மிஞ்சும் கோணல் துண்டுகளைத்தான் கேட்பார்கள். கல்லை நனைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, குறுக்கே கீறல் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். அவசரமில்லை, கப்பல் தபாலிலேயே அனுப்புங்கள் என்று எழுதுவார்கள். ஒவ்வொரு கடிதமும் நலம் விசாரித்துத்தான் தொடங்கும்.

பக்கவாதம் வந்து பெரியப்பா சீவலப்பேரியில் படுத்த பிறகு, சனிக்கிழமைதோறும் அப்பா டவுன் பஸ் ஏறிப் போய் அவர்களுக்குச் சவரம் செய்துவிட்டு வருவார்கள். பெரியப்பாவுக்கும் அதே தோல். வேறு யார் கைபட்டாலும் புண்ணாகிவிடும்.

ஒருநாள் அப்பாவின் மிக நயமான கல் குளியலறையில் கைதவறி விழுந்து நொறுங்கியது. அன்றே ஜப்பான்காரருக்கு எழுதினார்கள். அந்தக் கல் கப்பலில் வந்துகொண்டிருந்த நாட்களில், என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காப்பி கொடுத்து முடிப்பதற்குள் அப்பா மீதிக் கற்களை எடுத்துவந்து மேசையில் பரப்பிவிட்டார்கள்.

“மூலை ஒடஞ்சிருந்தா பாதி வெலைக்குத் தருதான் அண்ணாச்சி. கத்திக்கு மூலை எதுக்கு?” என்று மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் சொன்னார்கள். வந்தவர்களில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

அடுத்த வாரம் அப்பாவுக்குக் கண் அறுவை நடந்தது. நாங்குநேரியில் தம்பி வீட்டில் தங்கியிருந்தார்கள். அப்போது ஒரு நண்பகலில் தபால்காரர் பெட்டியோடு வந்து, சுங்கவரி கட்ட வேண்டும் என்றார்.

“வேண்டாம். திருப்பி அனுப்பிருங்க.”

“அய்யா ரெண்டு தடவ ஆபீசுக்கே வந்து கேட்டாவளேம்மா. ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்.”

“அதான் நான் சொல்லுதேன்லா.”

அவர் தயங்கினார். நானே அவருடைய பேனாவை வாங்கி, வாங்க மறுக்கப்பட்டது என்று பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் கேட்டார்கள்: “ஏட்டி, போஸ்ட்மேன் வந்தாரா?”

“வரலையேப்பா.”

அதன் பிறகும் பலமுறை கேட்டார்கள். பலமுறை அதையே சொன்னேன்.

மழுங்கிய கத்தியோடு சனிக்கிழமைகள் தொடர்ந்தன. ஒரு முறை நானும் சீவலப்பேரிக்குப் போயிருந்தேன். பெரியப்பா முகத்தைச் சுளித்து, குழறிய வாயோடு, “ஏலே, செரைக்கியா, முடியப் புடுங்குதியா?” என்று கேட்டார்கள்.

“கல்லு கப்பல்ல வருது அண்ணே. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.”

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மழைக்காலத்தில் பெரியப்பா இறந்துபோனார்கள். சவப்பெட்டியில் வைப்பதற்கு முன் அப்பாதான் சவரம் செய்தார்கள். கத்தி இழுத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு இழுப்புக்கும், “பொறுங்க அண்ணே, இந்தா ஆச்சு,” என்று சொல்லிச் சொல்லிச் செய்தார்கள். கன்னத்தில் ஓரிடத்தில் கீறிவிட்டது. அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பா எந்தக் கல்லும் வாங்கவில்லை. தாடி வளர்த்துக்கொண்டார்கள். “கல்லுப் பைத்தியம் ஒருவழியா தெளிஞ்சுட்டு,” என்று தம்பியிடம் நிம்மதியாகச் சொன்னவள் நான். ஒன்றரை ஆண்டு கழித்து, ஒரே நாள் காய்ச்சலில், யாருக்கும் சிரமம் கொடுக்காமல் அப்பா போய்விட்டார்கள்.

இறப்புச் செய்தியைத் தெரிவிக்க அப்பாவின் கைபேசியைத் திறந்தபோது ஜப்பான்காரரின் கடிதத்தைப் பார்த்தேன். பெரியப்பா இறந்து சில வாரங்களில் வந்தது. பெட்டி தம்மிடமே திரும்பிவிட்டது என்று எழுதி, படமும் வைத்திருந்தார். படத்தில் என் கையெழுத்து. எனக்கு எழுதப் பழக்கியதே அப்பாதான்.

அப்பா அதற்கு எழுதிய பதிலைத் தமிழில் தருகிறேன்: “தவறு என்னுடையது. வீட்டில் முறையாகச் சொல்லி வைக்காமல் வெளியூர் போய்விட்டேன். உங்களுக்கு வீண் சிரமம். கல்லை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்கள் மனைவியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?”

நடந்ததை எல்லாம் அந்த ஜப்பான்காரருக்கு எழுதினேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. கல் விற்றுப்போயிற்று என்றும், தம் மனைவியைப் பற்றிக் கேட்டு எழுதிய வாடிக்கையாளர் அப்பா ஒருவர்தான் என்றும் எழுதியிருந்தார்.

அப்பாவின் கடைசி நாளில் துணை நின்ற மருத்துவருக்கும் செவிலியருக்கும், அடக்க ஆராதனை நடத்திய குருவானவருக்கும், கோடை மழையிலும் வந்து நின்ற திருச்சபையாருக்கும், பெட்டியைத் தூக்கிய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நல்ல புத்தி சொல்லியும் நான் கேளாத தபால்காரருக்கு என் தனிப்பட்ட நன்றியும் மன்னிப்பும்.

கடைசியாகப் பெரியம்மா. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சீவலப்பேரிக்குப் போய் அவர்களிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“தெரியும்ட்டி. ஒங்கப்பா அப்பமே வந்து சொல்லிட்டாரு. ‘அவகிட்ட யாரும் கேட்டுராதீங்க மதினி, பிள்ள கூசிப் போவா’ன்னாரு.”