கிளப் சரிந்த சனிக்கிழமை

கஸ்டமருக்குக் கெட்ட செய்தி சொல்லும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மானம்தான் போகும், போகட்டும்.

ஹட்டன் டவுனில் ஒரு மோட்டார்சைக்கிள் கிளப்பின் ஆபீசில் ஆறு வருசம் போன் எடுத்தேன். கொத்மலைப் பக்கம் மூடிக் கிடந்த தேயிலை ஃபேக்டரியின் முற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள ரோட்டையும் வாடகைக்கு எடுத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு ‘டிராக் டே’ நடத்துவோம். மெயின் ரோட்டில் பறந்து கைகாலை உடைத்துக்கொள்ளாமல், ஹெல்மெட், ஜாக்கெட், பிரேக் எல்லாம் செக் பண்ணி, பையன்கள் அங்கே ஆசை தீர ஓட்டுவார்கள். அந்த இடத்தையே எல்லாரும் கிளப் என்றுதான் சொல்வோம். பாதிப் பேர் நம்ம தோட்டத்துப் பிள்ளைகள். காவலுக்கு வாச்சர் ஆறுமுகம் அண்ணன் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு ரூமில் தங்கியிருந்தார். அவர் மனைவி லெட்சுமி டயகமத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், வீடும் அங்கேதான்.

நாலு நாளாக விடாத மழை. சனிக்கிழமை காலையில் முதலாளி கொழும்பிலிருந்து பேசினார்.

“கிளப் சரிஞ்சு போச்சும்மா. இனி தூக்கி நிறுத்த ஏலாது. மெம்பர்ஸுக்குச் சொல்லிருங்க.”

முதலாளியும் அவருடைய பார்ட்னரும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆச்சரியமில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில் அவர் சொன்னதையே வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். “கிளப் சரிஞ்சிருச்சு. நாளைக்கு டிராக் டே இல்லை. யாரும் வர வேண்டாம்.”

திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் திட்டவில்லை. அதுவே எனக்கு விளங்கவில்லை.

முதல் போன், டயகம மெம்பர் தினேஷ்.

“எந்தப் பக்கம் மிஸ் சரிஞ்சிச்சு?”

“ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, எல்லாப் பக்கமும்தான்.”

“முன்னாடியே ஒன்னும் தெரியலியா?”

“தெரியாம என்ன? வெடிப்பு விட்டு ரெண்டு மாசமாச்சு. யாரு கண்டுக்கிட்டாங்க?”

“நாங்க வர்றோம் மிஸ்.”

“வந்து என்னாத்த செய்யப் போறீங்க?”

“நாலு பேரு கை குடுத்தா ஏதாச்சும் செய்யலாம்ல?”

நல்ல பிள்ளை, கிளப்பை எடுத்து நடத்தப் பார்க்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது டவுனில் ஹோட்டல் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா. அவரும் மெம்பர்தான். “புள்ள, நூறு ரொட்டி போடச் சொல்லிருக்கேன். தண்ணிப் போத்தலும் வருது. வேற என்னா வேணும்?”

கிளப் மூடினதுக்கு எதுக்கு ரொட்டி? கேட்டால் மரியாதை இல்லை என்று “நல்லதுங்க நானா” என்றேன்.

பிறகு லெட்சுமி போன் பண்ணினார். தினேஷ் சொல்லித்தான் தெரியுமாம்.

“மிஸ், அவரு போன் வேல செய்யல. அவரு உள்ளயா இருந்தாரு?”

“உள்ளதான் இருக்காரு. பாவம், அவருக்கு இன்னும் ஒன்னுமே தெரியாது.”

லைன் கட்டாகிவிட்டது. புருசனுக்கு வேலை போகிற கவலை என்று நினைத்தேன்.

மத்தியானம் ஆபீசைப் பூட்டிவிட்டு, அண்ணனிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று ஆட்டோ பிடித்துப் போனேன். பூட்டின கேட்டுக்கு வெளியே பைக்குகள் வரிசையாக நின்றன. முப்பது பேர் இருக்கும், அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள், மழைக்கோட்டும் சேறுமாக. கையில் மண்வெட்டி, அலவாங்குக் கம்பி, கயிறு. எல்லாரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஃபேக்டரித் தகரம்கூட அசையவில்லை.

“மிஸ், எங்க சரிஞ்சிருக்கு?” என்றான் தினேஷ்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் மலையில், நாலு நாள் மழைக்குப் பிறகு ‘சரிஞ்சிருச்சு’ என்றால் மண் சரிந்தது என்றுதான் அர்த்தம். தோட்டத்து வரிசை வீடான லயத்தோடு ஆட்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த ஜனம் நாங்கள்.

“மண்ணு இல்லப்பா. கிளப்பத்தான் மூடிட்டாங்க” என்றேன்.

ஒருத்தன் அலவாங்கைப் போட்டுவிட்டு, “அப்பாடா, கிளப்புதானா” என்று குந்தினான். கொஞ்ச நேரத்தில் அவனே நிமிர்ந்து, “அப்ப இனிமே எங்க ஓட்டுறது?” என்றான். என்னைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஆறுமுகம் அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார். “நாளைக்கித்தான டிராக் டே? இன்னைக்கே வந்துட்டீங்க?”

தினேஷின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்த லெட்சுமி ஓடிப்போய் அவர் முகத்தைத் தடவினார், கையைத் தடவினார், சட்டையைப் பிடித்தவர் விடவே இல்லை. “என்னா புள்ள, என்னா நடந்திச்சு?” என்று அண்ணன் கேட்கிறார். கடைசியில் நான்தான் சொன்னேன்.

“அண்ணே, கிளப்ப மூடிட்டாங்க. உங்களுக்கும் எனக்கும் இனி வேல இல்ல.”

லெட்சுமி சிரித்துவிட்டார். “வேலதான? போவட்டும்.”

“வேல போச்சுங்கிறாங்க, நீ சிரிக்கிற?” அண்ணன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

லெட்சுமி என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாமல் கேட்டார்.

“மிஸ், நீங்களும் லயத்துல பொறந்தவங்கதான?”

ஆமாம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் லயத்துக் காம்பராவில்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது வேறு ஆபீசில் அதே வேலைதான் பார்க்கிறேன். முதலாளி எப்படிச் சொன்னாலும், மூடினால் ‘மூடிட்டாங்க’ என்றுதான் எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன்னால், கொழுந்து மலையில் மழைக்குள் நின்று ஒருத்தி இதைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று ஒரு தடவை யோசிக்கிறேன்.