மாமரப் பட்டைக்குள் பன்னிரண்டு வண்டுகள்

அரிவாள்மணையில் கொட்டையோடு பிளந்த மாங்காயின் துவர்ப்பு மணமும், பருப்பு இருக்கவேண்டிய இடத்தில் கரியாய் உதிர்ந்த தூளும், அதன் நடுவே காலை மடக்கிக் கிடந்த வண்டும் எனக்கு இன்றும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் கொல்லையில் நின்ற ஒற்றை மாமரத்தை அந்த வண்டு ஆண்டுதோறும் கெடுத்தது. காய்ப்பு முடிந்ததும் மறைந்து, பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கையில் திரும்பி வந்தது. "நடுவுல எங்கடா குந்திகினு கீது அது?" என்று அப்பா ஒரு கார்த்திகையில் என்னையும் அண்ணனையும் கேட்டார்.

வகுப்பில் முதல்வனான நான், காய் விழுந்து மட்குவது மண்ணில் என்பதால் வண்டும் மண்ணில்தான் உறங்கும் என்று முடிவுகட்டி, மூன்று நாள் மரத்தடியைத் தோண்டினேன். எட்டாம் வகுப்பில் இருமுறை தவறிய அண்ணன் சபாபதி, பழைய தோசைக் கரண்டியால் அடிமரத்தின் காய்ந்த பட்டையைப் பெயர்த்தான். உள்ளே பட்டையின் நிறத்திலேயே பன்னிரண்டு வண்டுகள் செத்தவைபோல் ஒட்டிக்கிடந்தன. ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஊதினான், கால்கள் அசைந்தன.

"பெரியவனுக்குக் கண்ணு கீது, உனக்கு புக்குதான் கீது" என்று அப்பா சிரித்தார்.

மறுநாள் வெந்நீரில் போடுவதற்காக அவற்றை அண்ணன் "பவுடர் டப்பா"வில் அடைத்து வைத்தான். அவன் குளிக்கப் போயிருந்தபோது ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டை வெடிப்பில் திரும்ப வைத்தேன். காலி டப்பாவைத் திறந்து பார்த்தவன் அதை மூடிப் பழைய இடத்திலேயே வைத்தான். அடுத்த கோடையிலும் காய் கெட்டது. "இன்னாடா வண்டு புடிச்ச நீ?" என்று அப்பா கேட்டபோது தலைகுனிந்து நின்றான். எனக்கு அன்று நிறைவாக இருந்தது.

பின்னாளில் பூச்சியியல் கற்பித்தேன். இவ்வண்டு காய்ப்பில்லாக் காலத்தில் ஒடுங்கும் இடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கினேன். அதை எனக்குக் காட்டியவனின் பெயரை ஒருமுறையும் சொன்னதில்லை.

சென்ற மாதம் அண்ணன் இறந்தான். பதினாறாம் நாள் காரியத்தன்று அவன் மகள், "சித்தப்பா, அந்த வண்டையெல்லாம் நீங்கதானே திரும்ப மரத்துல விட்டீங்க? அப்பா ஜன்னல் வழியா பாத்துட்டாராம். 'சொன்னா சின்னவனுக்கு அடி விழும், போவட்டும்னு விட்டேன்'னு சொல்லிச் சிரிப்பாரு" என்றாள்.

மரம் நின்ற இடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். பார்த்தும் சொல்லாதிருக்க எனக்கு வந்திருக்காது. அதிலும் அவனே முந்திக்கொண்டான். போட்டியிட இனி ஆளில்லை. பொறாமை மட்டும் போக இடமின்றி என்னிடமே இருக்கிறது.