பெயின்டுக்கு அடியில் உப்பு

யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் சாமிக்கண்ணு உடனே குடிக்க மாட்டான். ஆள்காட்டி விரலை லோட்டாவுக்குள் விட்டு எடுத்து, நுனி நாக்கில் தொட்டுப் பார்ப்பான். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், டீக்கடையிலும் அப்படித்தான். பார்த்துவிட்டுத் தலையை லேசாக ஆட்டிக்கொண்ட பிறகுதான் லோட்டா வாய்க்குப் போகும்.

"பாவம், அந்த ஆஸ்டின் வண்டியில பட்டதுலேருந்து இப்புடி ஆயிட்டான்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். சொன்ன கையோடு அவன் மனைவி ரத்தினம்மாள் எங்கே நிற்கிறாள் என்று தேடி ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அவள் விசேஷ வீடுகளில் அடுப்பங்கரையை விட்டு வெளியே வருவதில்லை. அவன் விரல் தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் அவள்மேல் இருந்த பழி இன்னொரு தடவை ஊருக்குச் சொல்லப்பட்டது. அது அவனுக்குத் தெரிந்திருந்ததா? கூடவே வாழ்ந்தும் அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வண்டி வந்தது அறுபத்தொன்றாம் வருஷம். சாமிக்கண்ணு பஸ்களுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்டராக இருந்தவன். முதலாளியின் பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது பட்டறையை மூடிவிட்டார்கள். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தான். ரத்தினம்மாளின் அண்ணன் அய்யனார் சிதம்பரத்தில் தில்லைநாதன் என்ற ரைஸ்மில் முதலாளியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் முதலாளியிடம் பேசி இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தான். முதலாளியின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய ஆஸ்டின் கார். பல வருஷம் நெல் கொட்டகையில் கிடந்தது. மகள் கல்யாண ஊர்வலத்துக்கு அதைப் பழையபடி ஆக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பின் சீட்டில் கோழி முட்டையிட்ட வைக்கோல் அப்படியே இருந்தது. மிதிபலகை துருவில் கரைந்து, தரை வழியாக மண் தெரிந்தது. எதிர்வீட்டுக் குப்பு வந்து சுற்றிப் பார்த்தான்.

"என்ன மச்சான், இது வண்டியா, மீன் கூடையா? இத்தினி ஓட்ட இருக்கு!"

"கார்த்திக மாசம் வந்து பாரு. மூஞ்சி பாத்துத் தலை சீவிக்கலாம்."

"அதுவரிக்கும் நீ இருக்கணுமே!"

வீட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு வண்டியை உள்ளே தள்ளினார்கள். பழைய பெயின்டைச் சுரண்டி எடுக்கவே ஒரு மாசம் ஆயிற்று. துரு தின்ற இடங்களை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். ஒடுக்கு விழுந்த மட்கார்டுக்கு உள்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் தட்டித் தட்டி வளைவை மீட்டான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். "இங்க வயித்த தள்ளிக்கிட்டு நிக்குது" என்று முனகி மறுபடி தட்டுவான். ரத்தினம்மாள் அவனை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"இந்த வண்டி சிதம்பரத்துல நாலு வீதியும் சுத்தி வரட்டும். அப்பறம் பாரு, நம்ம வாசல்ல வண்டி நிக்க எடமிருக்காது" என்பான்.

தகடு வேலை முடிந்ததும் மேடுபள்ளத்தை நிரப்பப் பட்டி பூசித் தேய்க்கும் வேலை. பட்டி காய்ந்ததும் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். மறுபடி பூச வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். இதற்கு நல்ல தண்ணீர்தான் ஆகும். முதுநகர்க் கிணறுகளில் ஊறுவது உப்பு. அதைத் தொட்டுத் தேய்த்தால் உப்பு தகட்டிலேயே தங்கிவிடும். மேலே எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் மழைக்காலத்து ஈரத்தில் அது பெயின்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். கடற்கரை ஊரில் பெயின்டர் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் இது தெரியும். நல்ல தண்ணீர் கொண்டுவருவது வீட்டுப் பெண்ணின் வேலை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ரயில்வே கேட்டுக்கு அப்பால் முந்திரித் தோப்பில் ஒரு கிணறு இருந்தது. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக ரத்தினம்மாள் அங்கிருந்து சுமந்து வந்து கொட்டகைப் பீப்பாயை நிரப்பினாள். வீட்டில் சமையலுக்குக்கூட அவ்வளவு நல்ல தண்ணீர் செலவழித்ததில்லை.

ஆவணிக் கடைசியில், நிறம் அடிக்கும் நாள். காலையில் மேல்காற்று அடிக்கும். உச்சிவேளை தாண்டினால் கடல்காற்று திரும்பி மணலைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டவிடும். அதற்குள் கடைசித் தேய்ப்பை முடித்து நிறத்தை அடித்தாக வேண்டும். முதல் நாளே பீப்பாய் காலி. விடிந்ததும் தோப்புக்குப் போன ரத்தினம்மாள், முந்திரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் கிணற்றுக் கயிற்றை விடும்வரை காத்துக் கிடந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது வண்டி தேய்த்து, கழுவி, துடைத்துத் தயாராக இருந்தது. பீப்பாயில் தண்ணீர் இல்லை. வீட்டுக் கிணற்றுக் கயிறு நனைந்து கிடந்தது.

"எந்தத் தண்ணிய எடுத்தீங்க?"

"ரெண்டே வாளி. தின்னர் போட்டு நல்லாத் தொடச்சிட்டேன். ஒண்ணும் ஆவாது."

"நான்தான் எடுத்தாந்துட்டேனே. இத விட்டு இன்னொருக்க கழுவிடுங்களேன்."

"காத்து திரும்பிடும்டி. பம்ப மிதி!"

ஸ்பிரே கன்னுக்குக் காற்று கொடுக்கும் பம்பைக் காலால் மிதிப்பதும் அவள் வேலைதான். இறக்கிய குடங்கள் ஓரமாக நிற்க, அவள் பம்பின்மேல் ஏறினாள். தொழில் தெரிந்தவன் சொல்கிறான், அவளுக்கு என்ன தெரியும்? அரக்குச் சிவப்பு நிறம் தகட்டின்மேல் ஈரமாகப் படர்ந்தபோது அவளுக்கே எல்லாம் மறந்துபோயிற்று. பிறகு பாலிஷ் போட்ட வண்டியில் குப்பு நிஜமாகவே தலை சீவிக்கொண்டான்.

வண்டி சிதம்பரம் போயிற்று. ஐப்பசியில் அடைமழை. கார்த்திகைக் கல்யாணத்துக்கு முதலாளி சாமிக்கண்ணுவையும் அழைத்திருந்தார். புதுவேட்டி கட்டிக்கொண்டு போனவன் மறுநாள் திரும்பி வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அதற்கும் மறுநாள் அய்யனார் வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன்டி, நாலு கொடம் தண்ணி சொமக்க ஒடம்பு வணங்கலயா ஒனக்கு?"

"என்னண்ணே சொல்ற?"

"வண்டி பூரா கொப்புளம்டி! அம்ம போட்ட ஒடம்பு மாதிரி. பூவச் சுத்திக் கொண்டாந்து நிறுத்துறோம், பையன் வீட்டுப் பொம்பளைங்க கன்னத்துல போட்டுக்கிறாளுங்க. 'ஆத்தா வெளயாடுன வண்டி, எங்க புள்ள ஏறமாட்டான்'னுட்டாங்க. மொதலாளி அத்தினி பேரு முன்னால கூனிக் குறுகி நின்னாரு. விடிஞ்சதும் லாரி சாவிய வாங்கிக்கிட்டாரு எங்கிட்டேருந்து."

ரத்தினம்மாள் கணவனைப் பார்த்தாள். அவன் கதவோரம் நின்று கட்டைவிரல் நகத்தில் காய்ந்திருந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அவர ஏன் பாக்கற? மாப்ள அங்கயே எல்லாத்தயும் சொல்லிட்டாரு. கொப்புளத்த ஆணியால குத்தி நாக்குல வச்சிப் பாத்தாரு. உப்பு. 'வீட்டுப் பொம்பள கெணத்துத் தண்ணிய ரொப்பி வச்சிட்டா, நான் பாக்காம எடுத்துட்டேன்'னாரு. நான் தலயத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். ரெண்டு எட்டு நடக்க வலிச்சிதா ஒனக்கு? இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்ன ஏன்னு கேளு."

இதோ இப்போது சாமிக்கண்ணுவே சொல்லிவிடுவான் என்று நின்றாள். அய்யனார் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

அன்று சாயங்காலம் கேட்டாள். "ஏன் அப்புடிச் சொன்னீங்க?"

"வேற என்னாத்த சொல்றது? பெயின்டர் உப்புத் தண்ணில தேய்ச்சான்னு தெரிஞ்சா எவன் வண்டி குடுப்பான்? நீ பண்ணேன்னா உனக்கு என்ன போவுது, பொம்பள தெரியாம பண்ணிட்டான்னு போயிடும்."

"எங்கண்ணன் போயிடிச்சே."

அவன் மறுபடி நகத்தைச் சுரண்டினான். பிறகு, "பொங்கலுக்கு நானே போயி மச்சான்கிட்ட நெசத்த சொல்லிடறேன். எம்மேல சத்தியம்" என்றான்.

அவன் சொன்னது தப்பென்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா என்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள். தொழில் போனால் மகளோடு சேர்த்து மூன்று வயிறும் காயும். ஆனால் தொழிலும் நிற்கவில்லை. அம்மை போட்ட வண்டியின் பெயின்டர் என்ற பெயர் அவனுக்கு முன்னால் நடந்து போயிற்று. சைக்கிள், டிரங்குப் பெட்டி, கடைப்பலகை என்று கிடைத்ததற்கெல்லாம் நிறம் அடித்தான். பரங்கிப்பேட்டையில் வெளிநாடு போகிறவர்களின் பெட்டிகளுக்குப் பெயர் எழுதினான். நாக்கில் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் அப்போது வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

பொங்கல் வந்தது, போயிற்று. அடுத்த பொங்கலும் போயிற்று. பிறந்த வீட்டிலிருந்து வரிசை வரவில்லை. ஒருமுறை அவள் நச்சரிப்புத் தாங்காமல் சிதம்பரம் பஸ் ஏறினான். திரும்பி வந்து, "மச்சான் வீட்ல இல்ல" என்றான். பின்னொரு சாவு வீட்டில் பார்த்தபோது அண்ணி சொன்னாள்: "ஏன் இல்லாம? இருந்தாரே. இவரு வந்தாரு, ஒக்காந்தாரு, குடுத்த தண்ணிய நாக்குல வச்சிப் பாத்தாரு, எழுந்து போயிட்டாரு. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கல."

மகள் தைலம்மாள் வயசுக்கு வந்தாள். தாய்மாமன் பச்சை ஓலைக் குச்சு கட்ட வரவில்லை. கூடத்தில் மாமன் சீர் வைக்க விட்டிருந்த இடத்தில் ரத்தினம்மாளின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனை நிறுத்தினார்கள். "அண்ணன் சோத்துல மண்ணப் போட்டா எவன் வருவான்?" என்று ஒருத்தி இவள் காதுபடவே சொன்னாள். சாமிக்கண்ணு பந்தியில் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுபத்தெட்டில் அவனுக்கு இருமல் முற்றியது. மூடிய கொட்டகையில் வருஷக்கணக்காக இழுத்த தின்னர் வாடை நெஞ்சைத் தின்றுவிட்டது என்று மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாளைக்கு நாள் மூச்சு குறைந்தது. ஆனாலும் பேச்சு இருந்தது. யார் வீட்டுப் பெட்டிக்கு இன்னொரு கோட்டிங் பாக்கி என்றெல்லாம் சொன்னான். ரத்தினம்மாள் அண்ணனுக்கு ஆள் விட்டாள். அய்யனார் வந்தான். தலை நரைத்திருந்தது, ரொம்ப நாள் மாட்டுவண்டி ஓட்டிக் கஷ்டப்பட்டு இப்போது ஏதோ ஒரு பஸ்ஸில் டிரைவராக இருந்தான்.

கட்டிலில் உட்கார்ந்த மைத்துனனின் கையை சாமிக்கண்ணு பிடித்துக்கொண்டான். கண்ணீர் காதோரம் வழிந்தது. ரத்தினம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி கால்மாட்டில் நின்றாள். இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த நிமிஷத்துக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"மச்சான், அந்த வண்டி..."

"அத எதுக்கு இப்ப? உடு மாப்ள."

"இல்ல மச்சான். சொல்லிடறேன்."

இருமல் வந்தது. அடங்கியது. அவன் ரத்தினம்மாளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு முகத்தை அய்யனார் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஒந்தங்கச்சிய மன்னிச்சிடு மச்சான். தெரியாம பண்ணிட்டா."

அய்யனார் உடைந்து அழுதான். "எப்பவோ மன்னிச்சிட்டேன் மாப்ள" என்றான். ரத்தினம்மாள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

இரண்டு நாளில் சாமிக்கண்ணு இறந்தான்.

கருமாதி அன்று, தாலி இறக்கியவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டும். அய்யனார் சிதம்பரத்திலிருந்து புடவையோடு வந்தான். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விரித்த புடவையை அவள் தலையில் போட்டுவிட்டு, "அளுவாத. போனது போவட்டும். நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கல" என்றான். பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். "மாப்ளைக்கு எம்மாம் பெரிய மனசு, சாவறப்பக்கூட ஒன்ன நெனச்சிதான் சொன்னாரு" என்றான் அய்யனார்.

"அண்ணே, அந்தத் தண்ணி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். எண்ணெய் விட்ட தலையும் வாரிவிட்ட பின்னலுமாகத் தைலம்மாள் மாமனை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இனி அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கவேண்டும். மணவறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போக இந்த மாமன்தான். செத்தவன்மேல் பழியைப் போட்டால் இந்தக் கூட்டத்தில் யார் நம்புவார்கள்? நம்பாமல் அண்ணன் மறுபடி எழுந்து போனால்?

"என்னம்மா தண்ணி? தாகமா?" என்றான் அய்யனார்.

"இல்லண்ணே. ஒண்ணுமில்ல."

புடவை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சாமிக்கண்ணு தன்மேல் சத்தியம் செய்துவிட்டுத் சொல்லாமல் போன உண்மையை அவளுக்காக இனிச் சொல்வதற்கு யாரும் இல்லை. மன்னிக்கப்பட்டவளாகவே அவள் அண்ணன் கொண்டுவந்த கோடிக்குள் உட்கார்ந்திருந்தாள்.