எல்வீரா சொன்ன முறையும் மலர் அன்ரியின் கசெற்றும்

சூடேறிய புரொஜெக்டர் விளக்கில் தூசி கருகும் மணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் கடைசி, எனக்குப் பன்னிரண்டு வயது, இலண்டன் வெம்பிளியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த நூலகத்தின் பின்னறை. திரையில் ஒரு பெண் பீச் பழங்களை இரண்டாகப் பிளந்து கொட்டை எடுத்தபடி, கமராவை நிமிர்ந்தும் பாராமல், தன் மேற்பார்வையாளனைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அட, எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் மலர் அன்ரியும் இப்படித்தானே என்று பட்டது. அந்த நொடியில் நானும் படம் எடுப்பதென்று முடிவாயிற்று.

படத்தை எடுத்த எல்வீரா அன்று நேரிலேயே வந்திருந்தார். அமெரிக்காவில் பிறந்த மெக்சிக்கோ வம்சத்துப் பெண். தன்னைச் "சிகானா" என்று சொல்லிக்கொண்டார். தாயும் பெரியம்மாக்களும் பழங்களைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில், எங்கள் ஆட்கள் சொல்லும் "பக்ரறி"யில், வேலை செய்தவர்களாம். சினிமாவில் தன் ஆட்கள் வேலைக்காரியாகவும் கத்தி வைத்த கள்வனாகவும் மட்டுமே வருவதைப் பார்த்து அலுத்துப்போய், ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் அங்கிருந்தே கமராவை இரவல் வாங்கி, முதல் படத்தை நாலு வருடமாக எடுத்திருக்கிறார். எந்த ரீவியும் அதைத் தொடவில்லை. படச்சுருளைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், தேவாலய மண்டபங்களில் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டிக் காட்டினாராம். விழாக்களும் பரிசுகளும் பிறகு வந்தவை. எனக்கு அந்தப் படுக்கை விரிப்புத்தான் பிடித்துப்போயிற்று.

அவர்களை எப்படிப் பேசவைத்தீர்கள் என்று கையை உயர்த்திக் கேட்டேன். பேசவைக்கவில்லை, எடுத்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுவேன், வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவேன் என்றார். தன்னுடைய மிகச் சிறந்த காட்சிகளில் பல அப்படியே போய்விட்டன என்றும் சொன்னார். கவலைப்பட்டவராகத் தெரியவில்லை.

அம்மாவின் தம்பி குகன் மாமாதான் வெம்பிளித் தமிழரின் "விசேஷங்களுக்கு" எல்லாம் வீடியோ எடுப்பவர். அவரிடம் போனேன்.

"என்னத்துக்கடி கமரா? ஆற்றை வீட்டில விசேஷம்?"

"விசேஷம் இல்லை மாமா. டொக்குமென்ரறி."

"சாப்பாடு போடுவினமோ?"

"இல்லை."

"அப்ப நான் வரேல்லை. நீயே கொண்டுபோ. விழுத்தினியெண்டா கொம்மாட்டைத்தான் வருவன்."

மலர் அன்ரி யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே சாண்ட்விச் பக்ரறியில் வெள்ளரிக்காய் நறுக்குபவர். ஊரிலிருந்த தாயாருக்கு மட்டும் அவர் இலண்டனிலும் "ரீச்சர்"தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

படம் எடுக்க வரச் சொன்ன நாளில் அன்ரி கரைபோட்ட பட்டுச்சேலையும் சங்கிலியுமாக இறங்கி வந்தார். அந்த நாட்களில் வீடியோ என்றாலே ஊருக்குப் போகும் கடிதம்தான். போகிறவர் கையில் கசெற் போகும், அங்கே அயல் முழுக்கக் கூடி இருந்து பார்க்கும். அன்ரியும் குசினிக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, "அம்மா, நாங்கள் நல்ல சுகம், அங்கை மழையோ?" என்று தொடங்கிவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு வெள்ளரிக்காயையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தேன். கை தானாக நறுக்கத் தொடங்கியது; கையோடு வாயும் ஓடியது.

"சூப்பவைசர் பெடியன் என்னட்டைப் படிச்சிருந்தானெண்டா கணக்கில முட்டைதான் அம்மா. அவன் எனக்கு நறுக்கக் காட்டித் தாறான்!"

இதுதான் என் பீச் பழக் காட்சி!

முடிந்ததும் அன்ரி கசெற்றைக் கேட்டார். மறுநாள் ஒருவர் கொழும்புக்குப் போகிறாராம். தான் என்ன சொன்னாரென்ற நினைப்பே அவருக்கு இல்லை. நான் எல்வீரா சொன்னபடி போட்டுக் காட்டினேன். முதலில் தன் சேலையைப் பார்த்துச் சிரித்தவர், சூப்பவைசர் கதை வந்ததும் கதிரையை விட்டு எழும்பினார்.

"நிப்பாட்டு பிள்ளை. நான் இதையோ சொன்னனான்?"

"ஓம் அன்ரி."

"ஊர் முழுக்க என்ரை மகள் ரீச்சரெண்டு சொல்லி வைச்சிருக்கிறா அம்மா. அழி."

"அந்தத் துண்டை நான் வைச்சிருக்கிறன் அன்ரி, அனுப்பமாட்டன்."

"உன்னட்டை இருந்தாலும் இருக்கிறதுதானே."

கமராவின் கண்ணாடியை மூடிவைத்து, அந்தத் துண்டுக்கு மேல் வெறும் கறுப்பைப் பதிந்தேன். ஓடி முடியும்வரை அன்ரி பக்கத்திலேயே இருந்தார். பல மாதம் எனக்கு எல்வீராவில்தான் கோபம்.

இப்போது எனக்கு இருபத்தொரு வயது, கல்லூரியில் படத்துறைதான் படிக்கிறேன். அந்த நூலகப் பின்னறையில் கணினிகள் வந்துவிட்டன. மாமாவின் தோளில் ஏறும் கமரா எங்கே போயிற்றோ. கடைக்குக் கடை ஊருக்குப் பேசும் போன்கார்ட் தொங்குகிறது, கசெற்றில் கடிதம் அனுப்புவார் இல்லை. போன கிழமை மலர் அன்ரி கூப்பிட்டார்.

"அம்மாவுக்கு விசா சரி, ரெண்டு மாதத்திலை வாறா. விடிய நான் வெள்ளை ஓவரோலோடை போறதைப் பாக்கத்தானே போறா. போனில சொல்ல வெளிக்கிட்டா வேறை கதைக்குப் போயிடுறன். நீ கமராவைக் கொண்டு வா, வாறதுக்கு முதல் கசெற்றிலை சொல்லி அனுப்பிறன்."

"முதல் உங்களுக்குத்தான் காட்டுவன்."

"தெரியும். அதாலைதானே உன்னைக் கூப்பிடுறன்."

சனிக்கிழமை போகிறேன். பக்ரறி வாசலில் தொடங்குவதா, அங்கே போகும் பஸ்ஸிலேயே தொடங்குவதா என்பதுதான் இன்னும் தீரவில்லை.