பெருநாளுக்கு முன்பே பூசிய சுண்ணாம்பு

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் ருக்கையாவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று குறை சொன்னால், வாயை மூடிக் குடித்திருந்தால் ஆறியிருக்காது என்பாள். கணவர் ஷேக் அலாவுதீன் மாரடைப்பில் போனபோது மகள் ஃபாத்தின் கைக்குழந்தை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அங்சானா மரத்தடியில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் கடை போட்டாள், யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை.

அந்த மரம்தான் கடைக்குத் தூணும் கூரையும். ஒவ்வொரு நோன்பு மாதமும் கூடாரத் துணி கட்ட அதில் புது ஆணி அடிப்பாள். பெருநாளுக்கு முதல்நாள் அடிமரத்தில் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு பூசுவாள். மரத்துக்குப் பெருநாள் சட்டை என்று சந்தே சொல்லும்.

இந்த வருஷம் மழைக்காலத்தில், பெரிய கொப்பு பிரிகிற இடத்தில், பழைய ஆணிகளைச் சுற்றிப் பட்டை கறுத்துக் குழிந்திருந்தது. நாற்காலியில் ஏறி, இறைச்சி கோக்கும் சாத்தே குச்சியால் குத்திப் பார்த்தாள். குச்சி முழுசாக உள்ளே போனது. கல்லூரியில் படிக்கும் ஃபாத்தின் அதைப் படம் எடுத்துப்போய் விசாரித்து வந்தாள்.

"ஆணி ஓட்டை வழியா பூஞ்சை உள்ள போயிருக்கும்மா. பட்டையை அரிச்சிட்டு, உள் கட்டையையும் மக்க வச்சிடுச்சு. நகராண்மை ஆளுங்ககிட்ட சொல்லிடுவோம்."

சொல்வதா? அடுத்த தெருவில் ரோஹானாவின் கடை மரத்தை இப்படித்தான் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் நடைபாதை வந்தது, ரோஹானா போன இடம் தெரியவில்லை. ருக்கையா மகளை ஓர் அதட்டு அதட்டினாள். சிமெண்டைக் குழைத்துப் புண்ணில் அடைத்தாள். காய்ந்ததும், நாற்காலியில் நின்று கை எட்டுகிற உயரம் வரை சுண்ணாம்பு அடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், அவளுக்கும் அது தெரியும்.

ஜெயராஜ் நகராண்மையின் மரம் வெட்டும் குழுவில் இருப்பவன். பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வந்ததும் முதல் தேத்தண்ணி அவள் கையால்தான். நாற்காலியை மரத்தடியில் போட்டு, மரத்தில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். சந்து மரங்களைச் சோதிக்க அவனையே அனுப்பினார்கள்.

"என்னக்கா, நோன்பே இன்னும் வரல. அதுக்குள்ள மரத்துக்குப் பெருநாள் சட்டையா?"

வாங்கின சுண்ணாம்பு கெட்டுப்போகுமே என்று சிரித்து மழுப்பினாள். அவன் கட்டைச் சுத்தியலால் தட்டினான். சிமெண்டு அடைத்த மரம் திண்ணென்று ஒலித்தது. அக்கா கடை மரம் கல்லு மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று அவளுக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

அடுத்த வாரம் மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க வந்தார்கள். சந்து முழுக்கக் கார்கள் நிற்க, ஆளைத் தூக்கும் கூடை வைத்த லோரி உள்ளே வர முடியவில்லை. நான் ஏறிக்கிறேன்லா என்று ஜெயராஜ் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

ருக்கையா மீயைச் சட்டியில் கொட்டினாள். அவன் வேறு பக்கமாகப் போவான் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். அவன் கயிற்றை வீசினான், அது நேராக அந்தப் பெரிய கொப்பின் மேலேயே விழுந்தது. சட்டியில் மீ கருகியது. தட்டைப் பிடித்தபடி ஃபாத்தின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே அவன் ஒரு காலை அடிமரத்தில் ஊன்றி, மறுகாலைக் கொப்புக்குத் தூக்கினான். அடிப்பாவி, மூன்று பிள்ளைக்குத் தகப்பன் அவன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"தம்பி, அந்தக் கொப்புல கால் வைக்காதே. எறங்கு."

அவன் சிரித்தான். "நிழல் போகாதுக்கா. நுனியத்தான் கழிக்கிறேன்."

இனிப் பேசிப் பயனில்லை. சட்டிக் கரண்டியோடு நாற்காலியில் ஏறி, சுண்ணாம்பின் மேல் ஓங்கிக் குத்தினாள். சிமெண்டுக் கட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே கறுப்பாய், ஈரமாய் ஊறிப்போன கட்டை. ஓரத்துப் பட்டையிலிருந்து சிவப்பாய் மரச்சாறு வடிந்து வெள்ளைச் சுண்ணாம்பில் இறங்கியது.

ஜெயராஜ் தூக்கிய காலை மெல்லக் கீழே எடுத்தான். இறங்கி வந்தான். புண்ணைப் பார்த்தான், தரையில் கிடந்த சிமெண்டைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை. கீழே நின்றே கொப்பில் கயிறு போட்டு இழுக்கச் சொன்னான். முதல் இழுப்பிலேயே கொப்பு முறிந்து, மேசைகள் இருந்த இடத்தில் விழுந்தது. உள்ளே முக்கால்வாசி பொக்கை. சாயங்காலத்துக்குள் மரமே இல்லை. மாதக் கடைசிக்குள் கடையையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

நிழல் போனதற்கு அழுவோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கண்ணீர் வரவில்லை.

மறுநாள் காலை ஜெயராஜ் வரமாட்டான் என்று நினைத்தாள். வந்தான். வெட்டின அடிமரத்துக்குப் பக்கத்தில் வழக்கமான நாற்காலியை அவளே எடுத்துப் போட்டாள். ஒரு தேத்தண்ணிக்கா என்றான், எப்போதும்போல.

உட்காரும் முன், நாற்காலியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான். ஒரு முறை ஆட்டியும் பார்த்தான். பிறகுதான் உட்கார்ந்தான்.

ருக்கையா பார்த்தாள். இத்தனை நாளில் அவன் அப்படிச் சோதித்து உட்கார்ந்ததில்லை. திரும்பி நின்று தேத்தண்ணி ஆற்றினாள், அப்போதுதான் அழுகை வந்தது.