இரண்டு நாள் உப்பு

புத்தளம் உப்பளத்தருகே பஸ் சில்லுக்குக் காற்றுப் போய் நிற்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி வரப்பில் நடக்கிறேன். இரண்டு பாத்திகளில் உப்பு மெல்லிய ஆடையாகப் படிந்திருக்கிறது. உப்பு வாரும் பலகையோடு நிற்கும் பெண் வானத்தை விட்டு என்னைப் பார்க்கிறாள்.

“படிக்கிறீங்களா தங்கச்சி?”

“முடிச்சிட்டன் ராத்தா. காத்தும் மழையும்தான் என்ட பாடம்.” எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

“அப்ப சொல்லுங்க. ரெண்டு நாள் விட்டா உப்பு முத்திரும். மழ வந்தா அம்புட்டும் கரஞ்சிரும். வாரவா, விடவா?”

கடல் சூடேறியதால் காற்று கூடுதல் ஈரம் சுமக்கிறது, அதன் போக்கும் மாறுகிறது, அதனால்தான் காலம் தப்பி ஒரேயடியாகக் கொட்டுகிறது என்கிறேன்.

“ஓம், கொட்டுறது எங்களுக்கும் தெரியும். இந்தப் பாத்தியில கொட்டுமா?”

கைபேசியில் மேகப்படத்தை விரிக்கிறேன். அதில் இலங்கையே என் பெருவிரலளவுதான்.

“தெரியா ராத்தா.”

“இதச் சொல்லவா இவ்வளவு படிச்சீங்க!” சிரித்துக்கொண்டே பலகையைப் பாத்தியில் இறக்குகிறாள்.

சில்லு மாற்றி பஸ் புறப்படும்போது, ஒரு பாத்தியை வாரிக் குவித்துவிட்டாள். மற்றதைத் தொடவில்லை. சிலாபம் தாண்டியும் நான் யன்னலால் உப்பளம் இருக்கும் வடக்கு வானத்தையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.