கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய தம்பி ஜான்சன்தான். அக்காவோடு பேச்சை முறித்துக்கொண்டு வெகுநாளாகியிருந்த தம்பி. காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு மோட்டார் போடப் போனபோது போன் அடித்தது. ஜான்சன் பெயரைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது. முன்பு ஒருமுறை நான் அழைத்தபோது, "உங்க வேலையப் பாருங்கண்ணா" என்று பட்டென்று வைத்தவர் அவர்.

"அண்ணா, அக்கா போய்ட்டாங்க" என்றார். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. விடிந்ததும் நெஞ்சை அடைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஆட்டோ வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதனூரிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் நான் கார் கழுவும் கடை வைத்திருக்கிறேன். வண்டியின் பெயிண்டில் திடீரென்று தோன்றும் புள்ளிகள் எதனால் வந்தவை என்று கண்டுபிடித்து எடுப்பது ஸ்டெல்லா அக்காவின் பொறுப்பு. அதற்கு முன் ஷூ கம்பெனியில் தோல் செக்கிங்கில் இருந்தவர். கணவர் காலமான பிறகு அம்மாவோடு இருந்தார். விடிகாலை கம்பெனி பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. அம்மாவைக் கவனிக்க முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். அமைதியானவர், அடக்கமானவர் என்றெல்லாம் எழுதினால் அவரே எழுந்து வந்து சண்டை போடுவார். கடைக்கு வருகிறவர்கள் முன்னாலேயே என்னை அதட்டுவார். சிரித்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைவரை கேட்கும்.

வந்த முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. கம்பெனியில் தோலில் குறை இருக்கும் இடத்தைச் சில்வர் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். வெட்டுகிறவர் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார். நான் ஒரு கறுப்புக் காரைக் காட்டி, "புள்ளி எங்கெங்க இருக்குன்னு பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளி வட்டங்கள். கைப்பையில் அந்தப் பேனா இன்னும் இருந்திருக்கிறது.

"இன்னா தம்பி இப்படி முழிக்கிற? நீதான பாக்கச் சொன்ன?"

"அக்கா, இது தோல் இல்ல, காரு!"

"அய்யோ ஏசப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், அடுத்த நிமிடமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம்வரை இருவரும் உட்கார்ந்து அந்த வட்டங்களைத் துடைத்தோம். புள்ளிகளை எடுக்க ஆன நேரம் கொஞ்சம்தான்.

பிறகு தொழிலைப் பிடித்துக்கொண்டார். வண்டி வந்தால் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். கையில் ஒரு மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பெயிண்ட் மேல் தடவிப் பார்ப்பார். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் போட்ட கைக்குத் தெரியும். அப்புறம் கேள்வி ஆரம்பமாகும். "வண்டி எங்க நிக்குது? மேல இன்னா இருக்குது? பக்கத்துல இன்னா வேல நடக்குது?" வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். மேலெல்லாம் மஞ்சள் துளிகள். யாரோ செய்வினை வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார்கள் என்று பங்காளி வீட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு, "உங்க வாட்டர் டேங்குக்கு அடியில தேன்கூடு இருக்கும், போய்ப் பாருங்க. தேனீ போட்ட எச்சம் இது. பங்காளி மேல பழி போடாதீங்க" என்றார். அவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். கூடு இருந்தது. ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்தோம், வந்துவிட்டது.

ஊரார் பழியையெல்லாம் இப்படிக் கழுவிய மனுஷிக்குத் தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க வழியில்லாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜான்சன் வேறொரு ஷூ கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறார். ஒரே வளாகத்தில் அக்காவும் அம்மாவும் ஒரு வீட்டில், தம்பி குடும்பம் பக்கத்து வீட்டில். தம்பி புதிதாகச் சிவப்புக் கார் வாங்கினார். அக்காவே மாலை போட்டு ஜெபம் பண்ணி வைத்தார். ஒருநாள் தம்பி அந்தக் காரை அம்மாவின் வாசலை அடைத்து நிறுத்திவிட, வெளியே வந்த அம்மா தடுக்கி விழப் பார்த்தார். அக்காவுக்குக் கோபம் வந்தால் வாயில் என்ன வருகிறது என்று தெரியாது. "இந்த வண்டி நாசமாப் போவ!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டார். அந்த வாரமே கார் முழுக்கப் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. பாத்ரூம் டைல்ஸ் கழுவ எங்கள் கடையிலிருந்து அக்கா கொண்டுபோன ஆசிட் மருந்து பாட்டில் வீட்டில் இருந்தது. அது போதாதா? வாசலில் நின்று, தெருவில் எல்லோர் முன்னாலும் தம்பி கேட்டுவிட்டார், "வயிறெரிஞ்சு நீதான ஊத்துன?"

தடவிப் பார்க்கிறேன் என்று அக்கா போயிருக்கிறார். "கை வெக்காத" என்று தள்ளிவிட்டாராம். அந்த மாதமே தம்பி அடுத்த தெருவுக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார். வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்று மட்டுமாவது கேட்டுச் சொல்லும்படி அக்கா என்னிடம் கெஞ்சியதால்தான் நான் அன்று போன் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலையாக அவர்கள் சர்ச் வழியே போனேன். ஆராதனை முடியவில்லை. வெளியே மர நிழலில் ஜான்சனின் கார். பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா மட்டும் நின்றிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து காரைச் சுற்றிவந்தார்.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியுது தம்பி. ஆனா மேல ஒட்டிச் சொரசொரன்னு இருக்குதா, உள்ள பெயிண்டத் தின்னுருக்குதான்னு கை வெச்சாத்தான் தெரியும். கை வெச்சா, பாத்தியா இவ மறுபடி ஊத்துறான்னு பேச்சு வரும்." கண்ணைத் துடைக்கக்கூடக் கையை முன்னால் கொண்டுவரவில்லை. தோளிலேயே துடைத்துக்கொண்டார். "அவன் மேல கோவம் இல்ல. புது வண்டி, பாவம். பயந்துட்டான். ஆனா நான் அப்படிச் செய்வேன்னு எப்படி நெனச்சான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜான்சன் சிவப்புக் காரோடு கடைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. "பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டு, அக்கா கேட்கிற கேள்வியைக் கேட்டேன். வண்டி எங்கே நிற்கிறது?

"கம்பெனிக்குப் பின்னாடி. பினிஷிங் செக்‌ஷன் பக்கம் நெழல் இருக்கும்."

"பினிஷிங்ல ஸ்ப்ரே அடிக்கிற எக்ஸாஸ்ட் பேன் எந்தப் பக்கம் தள்ளுது?"

"வண்டி நிக்கிற பக்கந்தாண்ணா" என்றபடி அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பாலிதீன் கவரை அவர் கையிலேயே மாட்டி, பானெட்டில் வைத்து இழுத்தேன். உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. தோலுக்குப் பளபளப்பு கொடுக்க அடிக்கும் ஸ்ப்ரே, காற்றில் தூளாக வந்து படிந்து ஒட்டியிருக்கிறது. பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் எதையும் ஊற்றவில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து, களிமண் போலிருக்கும் கிளே கட்டியால் தேய்த்தேன். தேய்த்த இடம் கண்ணாடியாக வந்தது. ஜான்சன் கட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அழுதுகொண்டே வண்டி முழுவதையும் அவரே தேய்த்தார். நான் தண்ணீர் மட்டும் தெளித்தேன்.

அன்று மாலை அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். அந்தக் காரிலேயே என்னையும் அழைத்துப் போனார். முன்பு எந்த வாசலில் வைத்துப் பழி சொன்னாரோ அதே வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அக்கா ஊத்தல. எங்க கம்பெனி ஸ்ப்ரேதான். நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார்.

"இத்த அவ இருக்கசொல்லோ வந்து சொல்லியிருக்கக் கூடாதாடா?"

ஜான்சன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகும் வண்டிச் சாவியை எடுக்கவில்லை. சுத்தமான காரை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனார்.

அக்கா, நீங்கள் செய்யவில்லை என்று இன்று உங்கள் தெருவுக்கே தெரியும். உங்கள் காதில் அதைப் போட யாராலும் முடியவில்லை. எங்களை மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள்.